டிபன் கூலியும் முதுகுப்பையும்

டெல்லி, நொய்டா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேராவது பரத்பூர் பறவைகள் சரணாலயம் போயிருப்பீர்கள். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் தாஜ்மகால், அப்படியே பதேபூர் சிக்ரி, நேரம் மிச்சமிருந்தால் பரத்பூர். இதுதானே நம் வழக்கமான சுற்று? சைக்கிள் ரிக்‌ஷாவில் உள்ளே போனால் கேவலாதேவ் கோயில் பக்கத்தில் கல்வெட்டு மாதிரி சில பலகைகள் நிற்கும். என்ன தேதி, எந்த லாட் துரை வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை விழுந்தது என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள்.

இந்த எண்ணிக்கைக்கு ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் 'பேக்'. ஆமாம், பைதான். இன்று எவ்வளவு பை என்று ஒருவர் கேட்டால், எத்தனை சுட்டீர்கள் என்று அர்த்தம். சுட்டதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்த காலத்தில் பிறந்த பேச்சு. பரத்பூருக்கு வந்து சேர்வதற்குள் பை போய் எண் மட்டும் நின்றுவிட்டது. வாத்து ஒன்றுக்குச் சராசரி அரைக் கிலோ என்று வைத்தாலும் 4,273-க்கு இரண்டு டன்னுக்கு மேல் வரும். வைஸ்ராய் அதில் ஒன்றையாவது தூக்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினவர்களின் பெயர் எதுவும் அந்தப் பலகையில் கிடையாது.

இதெல்லாம் எதற்கு இப்போது என்றால், அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் என் சித்தி பையனுக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் சீசனில் போகலாம். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி ஒரு நாள் வேட்டைக்கு எந்த முதுகுப்பை வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். "அண்ணா, நீதான் மலை மலையா ஏறுறியே, உனக்குத்தான் பை பத்தித் தெரியும்" என்று ஐஸ் வேறு. நான் ஏறுவது குமாவுன் மலையில், அதுவும் மூன்று நாள் லீவு கிடைத்தால். துப்பாக்கியைத் தீபாவளிக்கு மேல் தொட்டதில்லை :-)

ஆனாலும் கேட்டுவிட்டானே என்று கடைச் சரக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். டெக்கத்லான் கடைக்காரர்கள் வேட்டைச் சாமானுக்கென்றே 'சோலோன்யாக்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் வேட்டைக்குப் பேர்போன சோலோன் என்ற வட்டாரத்தின் பெயரிலிருந்து எடுத்தது. அந்த வகைப் பைகளைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஜாதகம். இருபது முதல் முப்பத்தைந்து லிட்டர் கொள்ளளவு. கிளையில் உரசினால் சத்தம் வராத மெத்தென்ற துணி, ஏனென்றால் நைலான் உரசும் சத்தம் கேட்டால் மான் நிற்காது. பக்கவாட்டில் துப்பாக்கியை மாட்ட வார். தண்ணீர்ப் பைக்கு உள்ளே ஓர் அறை. சாப்பாட்டுக்கு ஒன்று, மழைக்கோட்டுக்கு ஒன்று, தொலைநோக்கிக்கு முன்பக்கம் ஒன்று. ரத்தக்கறை பட்டால் கழுவக்கூடிய உட்துணி. இடுப்பைச் சுற்றி அகலப் பட்டை.

இந்தப் பட்டியலை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் காஷ்மீர், லடாக் பக்கம் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களில். அங்கே இது ஒரு பையின் வர்ணனையாக இருக்காது. ஓர் ஆளின் வர்ணனையாக இருக்கும். அந்த ஆளுக்கு 'டிபன் கூலி' என்று பெயர்.

முன்னால் வழிகாட்டும் ஷிகாரி. அவர் பின்னால் துரை. துரையின் இரண்டாவது துப்பாக்கியைத் தூக்க ஒருவர். கடைசியாக டிபன் கூலி. துரையின் மதியச் சாப்பாடு, தண்ணீர், கோட்டு, கூடுதல் தோட்டா எல்லாம் அவர் முதுகில். சுட்டது சின்ன மிருகமாக இருந்தால் திரும்பும்போது அதுவும் அவர் முதுகில். இன்றைக்குக் கடையில் விற்கும் பையின் ஒவ்வொரு அறையும் அன்றைக்கு அவர் பார்த்த ஒவ்வொரு வேலை.

'டிபன் கூலி' என்ற பெயரையே பாருங்கள். டிபன் நம் ஊர் ஓட்டல் பலகை வரைக்கும் வந்துவிட்ட ஆங்கிலோ இந்தியச் சொல். கூலி நம்முடைய சொல். குஜராத்தின் கோலி இனப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு, தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்திருக்கலாம். தமிழில் அது ஆளைக் குறிக்கும் சொல்லே அல்ல, வேலைக்குக் கொடுக்கும் பணம். திருக்குறள் 619-இல் வரும் கூலிக்கும் அதுதான் பொருள். உடம்பு வருந்தினால் அதற்குக் கிடைப்பது கூலி. கப்பல் ஏறி இலங்கை, மலாயா, பிஜி என்று சுற்றி, ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பி வரும்போது பணம் உதிர்ந்து ஆள் மட்டும் மிஞ்சிவிட்டார். வேட்டைக்காரன் பையில் பை போய் எண் மிஞ்சிய கதைக்கு இது அண்ணன் கதை.

சரி, பைக்கு வருவோம்.

முதுகுப்பையின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் ஒரு வேட்டைக் கதை உண்டு. நார்வேக்காரர் ஓலே பெர்கன் 1908-இல் வேட்டைக்குப் போயிருக்கிறார். முதுகில் சும்மா ஒரு சாக்கு மாதிரித் தொங்கும் பை. எடை ஏற ஏற அது முதுகெலும்பில் குத்துகிறது. அங்கேயே ஒரு ஜூனிப்பர் கிளையை ஒடித்து, முதுகின் வளைவுக்குத் தக்கபடி வளைத்து, பைக்கும் முதுகுக்கும் நடுவில் சட்டம் மாதிரிக் கொடுத்தார். அடுத்த வருஷமே அதற்குக் காப்புரிமை. சட்டம் வைத்த நவீன முதுகுப்பையின் முன்னோர்களில் இதுவும் ஒன்று. பிரிட்டிஷ் ராணுவத்தில் பெரிய முதுகுப்பைக்கு இன்றும் 'பெர்கன்' என்றுதான் பெயர். பிறகு அமெரிக்காவில் டிக் கெல்ட்டி 1952 வாக்கில் அலுமினியச் சட்டம் வைத்துப் பைகளை விற்க ஆரம்பித்தார். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பட்டையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பை வரைக்கும் இந்த வம்சம்தான் (இடுப்புப் பட்டையைக் கட்டுகிற பிள்ளையை இதுவரை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்).

இதில் நான் கவனித்த ஒன்று. பெர்கனுக்கு முதுகு வலித்தது. அவருடைய சொந்த முதுகு. அதனால் யோசித்தார்.

அதே 1908-ஐ ஒட்டி நம் இமயமலையில் எத்தனையோ பேர் ஆண்டுதோறும் வேட்டைக்குப் போனார்கள். காசுக்கும் அறிவுக்கும் குறைவில்லாதவர்கள். துப்பாக்கியில், தோட்டாவில், கூடாரத்தில், மடக்குக் கட்டிலில் எல்லாம் விதவிதமான புதுமைகளைச் சுமந்துகொண்டு, மன்னிக்கவும், சுமக்க வைத்துக்கொண்டு வந்தவர்கள். நல்ல முதுகுப்பை ஒன்றைப் பற்றி அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வலித்தது வேறு ஆளுக்கு. மலைக்காரர் கூடையைக் கயிற்றால் கட்டி நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார், அவ்வளவுதான்.

குமாவுனில் இதற்கு ஒரு பெயரே இருந்தது. குலி பேகார். பேகார் என்றால் சம்பளமில்லாத கட்டாய வேலை. தமிழில் இதற்கு நேரான பழைய சொல் வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரிசையில் வரும் அந்த 'வெட்டி'தான், இன்று நாம் வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு என்று சொல்கிறோமே, அது. திருவிதாங்கூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஊழியம் என்றால் புரியும். ஆக, குலி பேகார் என்றால் கூலி இல்லாத கூலி! தமிழ்க் காதுக்கு இதைவிடக் குரூரமான நகைச்சுவை கிடைக்காது.

கூர்க்காக்கள் ஆண்ட காலத்திலும் மலையில் கட்டாயச் சுமை இருந்தது. 1815-இல் ஆங்கிலேயர் குமாவுனைப் பிடித்தபோது அதை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். அதாவது ரெஜிஸ்டர் போட்டார்கள். நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள் அரசாங்க அதிகாரி அந்த வழியாக வந்தால் ஆள் கொடுக்க வேண்டும். பதான் என்ற ஊர்த் தலைவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும், முறை வந்தால் போக வேண்டும். இதில் மூன்று உருப்படி. காசே இல்லாமல் சுமப்பது பேகார். பேருக்கு ஏதோ கொடுத்துச் சுமக்க வைப்பது உதார். வந்தவருக்குப் பால், தானியம், விறகு என்று கொடுப்பது பர்தாயிஷ். அதிகாரிகள் சுற்றுப்பயணம் கிளம்புவது மழை முடிந்து வானம் தெளிந்ததும். மலையில் அறுவடை வேலையும் அப்போதுதான். கேட்டது வரி வசூல் பயணமா, நில அளவையா, துரை நாலு காட்டுக்கோழி சுட வந்தாரா என்று சுமப்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கதிர் வயலில் நிற்கும், ஆள் மலையில் நிற்பார்.

இந்த மாதிரி ஆள் கிடைக்கும் ஊரில் யாராவது பையைப் பற்றி யோசிப்பார்களா? இது என்னுடைய வாசிப்புதான். ஆனால் அந்தக் காலத்துச் சாமான் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு ஜிம் கார்பெட் ஞாபகம் வந்திருக்கும். நைனிடாலில் பிறந்தவர், குளிர்காலத்தில் காலாதுங்கியில் இருந்தவர், குமாவுனைத் தன் ஊராகவே நினைத்தவர். அவர் கதை கொஞ்சம் வேறு. 1907-இல் சம்பாவத் பெண்புலியைத் தேடி அவர் நைனிடாலிலிருந்து கிளம்பியபோது கூடவே ஒரு வேலைக்காரரும் சாமான் தூக்க ஆறு பேரும் போனார்கள். அவர்கள் பேகாரில் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தன் ஆட்களைப் பற்றி அவர் எழுதும் விதத்தில் ஒரு பாசம் இருக்கும், படித்தவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அவர் தானே எடுத்துக்கொண்டு போனதைப் பற்றி.

அந்தப் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கடைசி நாள் தாசில்தார் ஊர் ஊராக ஆள் திரட்டி, 298 பேர் மலை முகட்டில் நின்று சத்தம் போட்டுப் புலியைக் கீழே விரட்டினார்கள். கீழே கார்பெட். கையில் .500 ரைஃபிள். எடுத்து வந்த தோட்டாக்கள் எத்தனை தெரியுமா? மூன்று. அதிகம் போனால் இரண்டு தடவை சுடச் சந்தர்ப்பம் கிடைக்கும், மூன்றாவது அவசரத்துக்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார். மூன்றும் தீர்ந்தது, காயம்பட்ட புலி எதிரே பாறையில் நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதில் குழாய்க்கும் பின்பகுதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற அளவு இடைவெளி. அதை வைத்துத்தான் கதை முடிந்தது. புலியின் வாயைக் குறி பார்த்துச் சுட்டது பாதத்தில் பட்டிருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

ஒரு ரைஃபிள் தோட்டா என்ன பெரிய எடை? இன்னும் ஐந்து எடுத்துப் போயிருந்தால் ஒரு தேங்காய்க் கனம்கூடக் கூடியிருக்காது. ஒரு நாள் பையில் எதைப் போடுவது என்ற கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சித்தி பையனுக்கும் இதைத்தான் முதலில் எழுதினேன். லிட்டர் கணக்கை அப்புறம் பார், அவசரத்துக்கென்று எதை எடுக்கப் போகிறாய் என்பதை முதலில் எழுது.

இன்னொன்றும் கார்பெட்டுடையதுதான். 1930 ஏப்ரல் 11, சௌகட் பெண்புலி. அன்றைக்கு வழியில் இரவுப் பக்கிக் குருவியின் கூடு ஒன்றில் விநோதமான வடிவத்தில் இரண்டு முட்டைகளைப் பார்த்துவிட்டார். மனிதருக்கு முட்டை சேகரிக்கும் பழக்கம் உண்டு. வைக்கத் தோதான பை எதுவும் இல்லை போலிருக்கிறது, இடது கையில் ஏந்திக்கொண்டார். வலது கையில் ரைஃபிள். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி அவரையே பார்த்துப் படுத்திருக்கிறது. முட்டை உடையக் கூடாது என்று மெதுவாகவே அசைந்ததால்தான் புலி பாயவில்லை என்பது அவருடைய கட்சி. ஒற்றைக் கையாலேயே ரைஃபிளை அங்குலம் அங்குலமாகத் திருப்பிச் சுட்டார். பிறகு முட்டைகளைக் கொண்டுபோய்க் கூட்டிலேயே வைத்துவிட்டார். பையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, பையே இல்லாததால் ஒருவர் பிழைத்த கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இந்த இரண்டு வேட்டைக்கும் இடையில் குமாவுனில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. புலிக் கதைகளில் அது வராது. நம் பாடப் புத்தகங்களிலும் நான் படித்த ஞாபகம் இல்லை.

அதன் தொடக்கத்திலும் ஒரு வேட்டை உண்டு. 1918-இல் அல்மோராவின் துணை ஆணையர் லோமஸ் கோழி வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கூலிக்காரர் துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்டார். 'அல்மோரா அக்பார்' என்ற பத்திரிகை துரையைக் காய்ச்சி எழுதியது. அதன் ஆசிரியர் பத்ரி தத் பாண்டே. உடனே ஆயிரம் ரூபாய் ஜாமீன் கட்டு என்றது அரசாங்கம். பத்திரிகை நின்றுபோனது. ஒரே வேட்டில் கூலி, கோழி, பத்திரிகை மூன்றும் விழுந்ததாக அக்கம்பக்கத்தில் கேலி பேசிக்கொண்டார்கள். அந்த வேட்டை நாளின் 'பேக்' கணக்கு அப்படி. ஆனால் பாண்டே சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் 'சக்தி' என்று வேறு பத்திரிகை ஆரம்பித்தார்.

அடுத்த மூன்று வருஷத்தில் பேகார் எதிர்ப்பு ஊர் ஊராகப் பரவியது. 1921 ஜனவரி, மகர சங்கராந்தி. நம் வீடுகளில் பொங்கல். குமாவுனில் அதற்கு உத்தராயணி என்று பெயர். சரயுவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில் அப்போது பெரிய சந்தை கூடும், ஆயிரக்கணக்கில் மலைக்காரர்கள் வருவார்கள். பத்ரி தத் பாண்டே, ஹர் கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் அங்கே போனார்கள். துணை ஆணையரும் போலீசோடு அங்கேதான் இருந்தார். கூட்டத்தில் பேகார் இனிமேல் செய்ய மாட்டோம் என்று சரயுத் தண்ணீரை வைத்துச் சத்தியம் செய்தார்கள். ஊர்த் தலைவர்கள் தங்களிடம் இருந்த பேகார் ரெஜிஸ்டர்களை எடுத்து ஆற்றில் வீசினார்கள். நூறு வருஷமாக யார் முதுகு எப்போது யாருக்கு என்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் சரயுவில் போயின. துப்பாக்கி வெடிக்கவில்லை. அரசாங்கம் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1929-இல் காந்தி குமாவுனுக்கு வந்தபோது பாகேஷ்வருக்கும் போனார்.

நம் பக்கத்தில் போகி அன்று வேண்டாததை எரிக்கிறோம். அவர்கள் சங்கராந்தியில் ஆற்றில் விட்டார்கள்.

அதற்கப்புறம் மலைக்கு வந்த துரைக்கு மூன்று வழி. உரிய கூலி கொடுத்து ஆள் வைப்பது, குதிரை கோவேறு கழுதை பிடிப்பது, இல்லையென்றால் சாமானைக் குறைப்பது. மூன்றுமே நடந்தது. மோட்டார் ரோடு வந்ததும் காரின் டிக்கி கொஞ்ச வேலையை எடுத்துக்கொண்டது.

கார் என்றதும் கென்னத் ஆண்டர்சனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1910-இல் ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974-இல் மறைந்தவர். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. ராஜா இல்லை, கலெக்டர் இல்லை. வேலைக்குப் போகிற ஆள். லீவு போட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் என்று கிளம்புவார். எல்லாம் நம் ஓசூர், தர்மபுரிப் பக்கம். கன்னடமும் தமிழும் பேசுவார். ஒரு .405 வின்செஸ்டர், டார்ச் லைட், பிளாஸ்கில் டீ, பிஸ்கட். மரத்து மேல் பரண் கட்டி ராத்திரி முழுக்க உட்கார இவ்வளவுதான் அவருக்கு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு மலைக்கு வண்டியைத் திருப்புகிறோமே, அந்த வழக்கத்துக்கு நான் அவரைத்தான் முன்னோடி என்பேன்.

அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பைரா, பூசாரி என்று அவர் எழுதும் பழங்குடி மனிதர். சின்னாற்றங்கரையில் வளை மாதிரி ஒரு குழியில் குடும்பத்தோடு இருந்தவர். திருட்டு வேட்டைக்காரராகத்தான் முதலில் அறிமுகம். பழைய காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று, இடுப்பில் துணி. பை என்று எதுவும் கிடையாது. பையில்லாமல் காட்டுக்குள் போகிற மனிதரும், பை போதவில்லை என்று ஆள் வைத்துக்கொள்கிற மனிதரும் ஒரே மிருகத்தைத்தான் தேடிப் போனார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1970-இல் புலி வேட்டைக்குத் தடை. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சில மிருகங்களை லைசென்ஸோடு சுட அப்போதும் இடம் இருந்தது, 1991 திருத்தத்தில் அதுவும் போனது. துப்பாக்கி போன இடத்தில் கேமரா வந்தது. உண்மையில் அது முன்னமே வந்துவிட்டது. வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் புலி நடக்கும் பாதையில் கேமராவைக் கட்டி, புலியே தன் காலால் இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்கிற மாதிரிச் செய்து 1927-இல் புத்தகம் போட்டார். கார்பெட்டும் பின்னாளில் சினிமாக் கேமராவோடு திரிந்தார்.

ஆக நம் நாட்டில் வேட்டைப் பை என்று இனி ஒன்று கிடையாது. ஆனால் அதே பை, அதே இருபது முப்பது லிட்டர், நம் எல்லோர் வீட்டிலும் ஆணியில் தொங்குகிறது. கோடை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உத்தராகண்ட் பக்கம் மலை ஏறுகிறோம். மலையேற்றக் கம்பெனிக்காரர்கள் போன் செய்து, பையைக் கோவேறு கழுதையிலோ ஆளிடமோ அனுப்பணுமா, நாளுக்கு இவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். அதற்குத் தொழில் பேச்சில் 'ஆஃப்லோட்' என்று பெயர். போன தடவை எங்கள் கூட்டத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆள் முதுகில் ஏற்றுவதே பாவம் என்றார் ஒரு நண்பர். நீங்கள் ஏற்றாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்றார் அவர் மனைவி. நான் அம்மணி கட்சி. பாகேஷ்வரில் ஆற்றில் போனது ரெஜிஸ்டர்தான், வேலை இல்லை. கூலி இருந்தால் அது வேலை.

ஆனால் அந்தக் கட்சியில் சேர ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஒரு நாள் பையை அவரவரே தூக்க வேண்டும், பத்து வயசுப் பிள்ளை உட்பட. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதுவே இரண்டு கிலோ. மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், சாப்பாடு, டார்ச், மருந்து டப்பா. பெரியவர்களுக்கு ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரும் கோட்டும் போதும். பை வாங்கப் போனால் வெறும் பையை மாட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டுபோய் உள்ளே போட்டு, இடுப்புப் பட்டையை முதலில் கட்டி, அப்புறம் தோள்வாரை இழுத்துவிட்டு, கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடங்கள். எடை இடுப்பில் உட்கார வேண்டும். தோளில் உட்கார்ந்தால் வேறு பை பாருங்கள். விலை, நிறம் எல்லாம் அப்புறம்.

பெரிய பையை ஆளிடம் கொடுப்பதாக இருந்தால், எடையைக் கிளம்பும் முன்பே நிறுத்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கம்பெனியிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கம்பெனி பாருங்கள். நைனிடால், அல்மோரா பஸ் ஸ்டாண்டுகளில் நெற்றிப் பட்டையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் மேற்கு நேபாளத்து டோட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், டோட்டியால் என்பார்கள். நம்மை மாதிரியே ஊரை விட்டு வந்து பிழைப்பவர்கள். அவர்களிடம் வைத்தால் மூட்டையைக் கொடுக்கும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். அதைச் சில்லறை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் டவர் கிடைக்காது, ஜிபே வேலை செய்யாது.